டப்பிக்குள் இருக்கும்வரை

அவள் வேலை செய்த அறையில் மின்விசிறி கிடையாது. என்ன புழுக்கமாக இருந்தாலும் ஜன்னலைத் திறக்கமாட்டார்கள். கதவில் 'உள்ளே பேசாதீர்கள்' என்று அச்சடித்து ஒட்டியிருந்தது. அதன் கீழே யாரோ பேனாவால், 'தும்மல் வந்தால் வெளியே ஓடுங்கள்' என்று சேர்த்திருந்தார்கள்.

பூமியின் அடிவயிற்றில் கல் என்ன ஆகிறது என்று பார்க்கும் ஆய்வுக்கூடம் அது. அவ்வளவு ஆழத்துக்கு யாராலும் தோண்ட முடியாது. ஆகவே அங்கே இருக்கும் அழுத்தத்தை மேலேயே உண்டாக்கிக்கொள்கிறார்கள். இரண்டு சிறிய வைரங்களை முனைக்கு முனை எதிரெதிராக வைத்து, நடுவே துளையிட்ட உலோகத் தகட்டை வைக்கிறார்கள். அந்தத் துளைக்குள் கல்லின் ஒரு துணுக்கைப் போட்டுச் சுற்றியுள்ள திருகுகளை முறுக்குகிறார்கள். வைரத்தின் முனை அத்தனை சிறியது என்பதால் கையால் முறுக்கினாலே போதும், பல நூறு கிலோமீட்டர் பாறை மேலே ஏறி உட்கார்ந்ததுபோல் ஆகிவிடும். மொத்தமும் உள்ளங்கையில் அடங்கும் எஃகு உருளைதான். கூடத்தில் அதற்கு டப்பி என்று பெயர்.

துணுக்கைத் துளைக்குள் போடுவதுதான் அவள் வேலை. வெறும் கண்ணுக்குத் தெரியாத தூசி அது. நுண்ணோக்கியில் பார்த்தபடி ஊசி முனையில் ஒட்டவைத்துத் தூக்கி, துளைக்கு மேலே கொண்டுபோய் மெல்லத் தொட்டு விடவேண்டும். அந்த நேரத்தில் மூச்சு விட்டால் தூசி பறந்துவிடும். பிறகு அதைத் தேடுவதில் அர்த்தமில்லை. ஆய்வாளர்கள் பலரும் முயன்று தோற்று, "நீங்களே போட்டுடுங்க" என்று அவளிடம் வந்து நிற்பார்கள். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டுக்கொடுப்பாள். அந்தப் பழக்கம் அறைக்கு வெளியேயும் அவளைத் தொற்றிக்கொண்டது. யாராவது எதையாவது கேட்டால் முதலில் மூச்சை இழுத்து நிறுத்திக்கொள்வாள். பதில் வருவதற்குள் கேட்டவர் வேறு பேச்சுக்குப் போயிருப்பார். கூடத்தில் அவளுக்கு 'அமுக்கினி' என்று பெயர் வைத்திருந்தார்கள். கல்லையும் அமுக்குகிறாள், பேச்சையும் அமுக்குகிறாள் என்று. அது அவளுக்கும் தெரியும். கோபித்துக்கொண்டதில்லை.

அம்மா முன்பே போய்விட்டாள். அப்பாவும் போன பிறகு வீட்டில் அவள் மட்டும்தான். காலையில் ஒரு டம்ளர் கழுவுவாள். மாலையில் வந்து அதே டம்ளரை எடுப்பாள்.

தங்கை ஒருத்தி இருந்தாள். அப்பாவுக்குப் பிடிக்காதவரைக் கட்டிக்கொண்டு வேறு நகரத்துக்குப் போனவள். "இனி என் முகத்தில் முழிக்காதே" என்று அப்பா சொன்னதோடு சரி, பேச்சுவார்த்தை நின்றுபோனது. மருத்துவமனையில் கடைசி நாள் மதியம், தான் வீட்டில் படுத்திருப்பதாக நினைத்துக்கொண்டு அப்பா கண்ணைத் திறந்தார். "சின்னவ வந்துட்டாளா? அவளுக்குக் கதவத் தொறந்து வை" என்றார். அதற்குப் பிறகு பேசவில்லை. பக்கத்தில் அமுக்கினி மட்டும்தான் இருந்தாள்.

மறுநாள் தங்கை வந்து சேர்ந்தபோது வீடு நிறைய ஆட்கள். எல்லோருக்கும் எதிரில் அவள், "அக்கா, அப்பா என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டாள். அமுக்கினி மூச்சை இழுத்தாள். இழுத்தது உள்ளேயே நின்றது. அதற்குள் யாரோ அழுதார்கள், யாரோ நாற்காலி கேட்டார்கள். இல்லை என்பதுதான் பதில் என்று தங்கை எடுத்துக்கொண்டாள். பிறகு சொல்லியிருக்கலாம்தான். ஆனால் மாதாமாதம் தள்ளிப்போகப் போக, ஏன் முன்பே சொல்லவில்லை என்ற கேள்வியும் அதோடு சேர்ந்து கனத்தது. தொலைபேசியில் தங்கைதான் பேசுவாள். அமுக்கினி "ம்" போடுவாள். "சுவத்துகிட்ட பேசினாக்கூட எதிரொலி வரும்" என்று ஒருநாள் சொல்லிவிட்டு வைத்தாள். பிறகு அழைப்புகள் குறைந்துபோயின.

சில வருடங்கள் கழித்துக் கூடத்தில் ஒரு நல்ல டப்பி அமைந்தது. சுண்ணாம்பில் இருக்கும் கால்சியம், மணலில் இருக்கும் சிலிக்கான், காற்றில் இருக்கும் ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்த கனிமம் அதற்குள் இருந்தது. அழுத்தத்தில் வைத்து லேசரால் சுட்டபோது, ஆழத்தில் எப்படி இருக்குமோ அப்படியே அணுக்கள் அடுக்கிக்கொண்டு உருவாகியிருந்தது. அதைப் பெரிய எக்ஸ்-கதிர்க் கூடத்துக்குக் கொண்டுபோய்ப் படம் எடுக்க வேண்டும். கொண்டுபோக வேண்டிய ஆய்வாளர் மாடிப்படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டார். "நீங்க போயிட்டு வாங்களேன். அங்க அடுத்த டப்பிக்கும் நீங்கதான் துணுக்கு போடணும்" என்றார் படுக்கையிலிருந்தே. எக்ஸ்-கதிர்க் கூடம் தங்கை இருக்கும் நகரத்தில் இருந்தது.

இந்தத் தடவை சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு அவள் கிளம்பினாள்.

டப்பியைப் பஞ்சில் சுற்றிக் கைப்பையில் வைத்திருந்தாள். ரயில் நிலையத்தில் சோதனை செய்த காவலர் நிறுத்தினார்.

"உள்ள என்னம்மா இது?"

"வைரம்."

காவலர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வைரமா?"

"ரெண்டு. மிளகு அளவுக்குத்தான் இருக்கும். நடுவுல ஒரு கல்லு இருக்கு."

அவர் ஆய்வுக்கூடத்தின் அடையாள அட்டையையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார். "கல்லுக்குள்ள வைரத்த ஒளிச்சுக் கொண்டுபோறவங்களப் புடிச்சிருக்கேன். வைரத்துக்குள்ள கல்ல வச்சுக் கொண்டுபோறது நீங்க ஒருத்தர்தான். போங்க, போங்க."

தங்கை கதவைத் திறந்ததும் வரவேற்கவில்லை. "யாருக்கு என்ன ஆச்சு?" என்றாள்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகல."

"ஒண்ணும் ஆகாம நீ வரமாட்டியே. சரி, உள்ள வா."

வீட்டில் வேறு யாருமில்லை. மேஜைமேல் தங்கை துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். பேசியபடியே தேய்த்தாள், தேய்த்தபடியே பேசினாள். புருஷனுக்கு வேலை மாறியதைச் சொன்னாள். மாடிவீட்டுக்காரர் தண்ணீரைத் திறந்துவிட்டுத் தூங்கிப்போவதைச் சொன்னாள். அமுக்கினி டப்பியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். கூடத்துக்குப் போக இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

"அதென்ன, குழந்தைய மாதிரி மடியிலயே வச்சிருக்க? தொறந்து காட்டேன்."

"தொறந்தா இருக்காது."

"ஏன், பறந்துடுமா?"

"இல்ல. கீழ அமுங்கிக் கிடக்கிறவரைக்கும்தான் இது இப்படி இருக்கும். திருகத் தளர்த்தினா அடுக்கு கலைஞ்சு கண்ணாடி ஆயிடும். பூமிக்குள்ள இது மலைமலையா இருக்கு. ஆனா மேல கொண்டுவந்தா இதுவா இருக்காது."

தங்கை இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "நீ இவ்வளவு நீளமாப் பேசி நான் கேட்டதே இல்ல, அக்கா" என்றாள். அவள் சிரிப்பதை நீண்ட காலத்துக்குப் பிறகு அமுக்கினி பார்த்தாள்.

அந்தச் சிரிப்பு போவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"அப்பா உன்னைக் கேட்டார்."

"என்னைக்கு?"

"கடைசி நாள். மத்தியானம்."

தங்கை இஸ்திரிப் பெட்டியின் வயரை உருவினாள். அதைச் சுருட்டத் தொடங்கினாள். பெட்டி இன்னும் சூடாகத்தான் இருந்திருக்கும். "என்ன கேட்டார்?"

"சின்னவ..." என்று ஆரம்பித்தவளுக்கு மூச்சு நின்றுவிட்டது.

"நான் அன்னைக்கு உன்கிட்ட கேட்டேனே, அக்கா. எல்லார் முன்னாலயும் கேட்டேனே. என்னை மன்னிக்காமயே போயிட்டார்னு நெனச்சுக்கிட்டுத்தான் இத்தனை வருஷமும் இருக்கேன்." குரலை உயர்த்தவில்லை. தேய்த்த துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். "உனக்கு நேரமாச்சு. போ."

எக்ஸ்-கதிர்க் கூடத்தில் குளிர்சாதனம் உறுமிக்கொண்டிருந்தது. டப்பியை வைத்துக் கதிரைப் பாய்ச்சியதும் திரையில் வட்டவட்டமாகக் கோடுகள் விழுந்தன. நேர்த்தியான அடுக்கு. அங்கிருந்தவர்கள் தோளில் தட்டிக்கொண்டார்கள். பிறகு திருகுகளைத் தளர்த்தச் சொன்னார்கள். அவள் எதிரெதிர்த் திருகுகளை ஒன்றுபோல், கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினாள். ஒவ்வொரு தளர்வுக்கும் படம் எடுத்தார்கள். கடைசியில் வட்டங்கள் மங்கி வெறும் புகைமூட்டம்போல் ஆகின.

"அவ்வளவுதான், கண்ணாடி ஆயிடுச்சு" என்றார் கதிர்க்கருவியை இயக்குபவர். எதிர்பார்த்ததுதான். யாருக்கும் வருத்தமில்லை. "அடுத்ததப் போட்டுருவீங்களா?"

துணுக்கு போடும் அறை அங்கேயும் அதே மாதிரிதான் இருந்தது. விசிறி இல்லை, ஜன்னலைத் திறப்பதில்லை, கதவில் பேசக் கூடாது என்ற எச்சரிக்கை. வழக்கமாக இப்படிப்பட்ட அறைக்குள் போகும்போது அவள் போனை அணைத்துவிடுவாள். அன்று அணைக்கவில்லை. நுண்ணோக்கிக்குப் பக்கத்தில், கண்ணில் படும்படி வைத்துக்கொண்டாள்.

குவியலிலிருந்து நல்ல துணுக்கைத் தேர்ந்தெடுத்து, ஊசி முனையில் தூக்கி, மூச்சைப் பிடித்துத் துளைக்கு மேலே கொண்டுவந்தாள். இன்னும் இறக்கவில்லை. போன் அதிர்ந்தது. திரையில் தங்கையின் பெயர்.

இறக்கிவிட்டுப் பேசலாம். அதற்குள் நின்றுபோகும். நின்றால் மறுபடி அடிக்காது என்று அவளுக்குத் தெரியும்.

இடது கையால் எடுத்தாள். "சொல்லு" என்றாள்.

ஊசி முனையில் ஒன்றுமில்லை.

"அவர் சொன்னத அப்படியே சொல்லு" என்றாள் தங்கை. மூக்கடைத்த குரல். "நீயா சேக்காத, குறைக்காத. பாதியில நிறுத்தாத."

"சின்னவ வந்துட்டாளான்னு கேட்டார். அவளுக்குக் கதவத் தொறந்து வைன்னார்."

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழும் ஓசை மட்டும் வந்தது. யாரும் அதை நிறுத்தவில்லை.

இயக்குபவர் கதவை லேசாகத் திறந்து தலையை நீட்டினார். போட்டாயிற்றா என்று சைகையால் கேட்டார். அவள் இல்லை என்று தலையசைத்தாள். அவர் போனைப் பார்த்தார், கதவிலிருந்த எச்சரிக்கையைப் பார்த்தார், கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

"அக்கா, இருக்கியா?"

"இருக்கேன்."

"பேசேன் ஏதாவது."

அவள் ஊசியைக் கீழே வைத்தாள். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. "அன்னைக்கு அவர் பழைய நீலப் போர்வைதான் வேணும்னு கேட்டார்" என்றாள்.