மூன்று பேருக்கு ஒரு வாக்கு

அந்த வருடத்து இலையுதிர் காலம் என்றதும் எனக்கு மூன்று நிழல்கள்தான் ஞாபகத்துக்கு வரும். பின்னேரத்தில் வெயில் சாய்ந்து எங்கள் முன் யன்னலால் உள்ளே வரும். வரும்போது புல்லில் நட்டிருந்த மூன்று தேர்தல் பலகைகளையும் தொட்டுக்கொண்டு வரும். வரவேற்பறை நிலத்தில் மூன்று நீட்டு நிழல்கள் விழும். நான் சோபாவில் சரிந்து கிடந்து அரைக் கண்ணால் அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவை மெல்ல மெல்ல நகர்ந்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, கடைசியில் ஒரே நிழலாகிச் சுவரில் கரைந்து போகும். அப்படியே நித்திரையாகிப் போவேன். கனவில் மூன்று வேட்பாளர்களும் எங்கள் குசினிக்குள் நின்று, ஒருவருக்கொருவர் வழிவிடத் தெரியாமல் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். தேத்தண்ணிக்குச் சீனி போதுமோ என்று நான் கேட்பேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. ரொறன்ரோவின் கிழக்கே, வோபர்ன் பக்கத்தில், முன்னால் ஒரு துண்டுப் புல் உள்ள சின்ன வீடொன்றை வாடகைக்கு எடுத்திருந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து நான் வந்து ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் மேல். என் கணவரை நான் 'இவர்' என்றுதான் சொல்லிப் பழக்கம். இவர் எனக்கு முன்னமே வந்து, ஒரு கட்டட நிறுவனத்தில் வரைபடம் கீறுகிற வேலையில் இருந்தார். காலையில் காரை எடுத்துக்கொண்டு போனால் பொழுதுபடத்தான் திரும்புவார்.

எங்கள் தெருவுக்குப் பஸ் இல்லை. பஸ் எடுக்கப் பெரிய தெருவுக்கு நடக்க வேண்டும். அது வெயிலில் தூரம், மழையில் இன்னும் தூரம், பனிக்காலத்தில் வேறு நாடு. ஊரில் நான் ஓர் அரசாங்கக் கந்தோரில் தட்டெழுத்து வேலை பார்த்தவள். நானும் என் சைக்கிளும் ஒருவரையும் கேட்காமல் போய் வந்தோம். இங்கே வந்ததும் கைகால் இருந்தும் இல்லாத மாதிரி ஆகிவிட்டது. வேலை தேடுவதென்றாலும் பஸ் வேண்டும், தபால் கந்தோருக்குப் போவதென்றாலும் பஸ் வேண்டும். ஒருமுறை மழையில் இரண்டு பையோடு நடந்து வந்ததோடு அந்த எண்ணத்தையும் விட்டு, வீட்டில் இருந்தேன். மேபிள் மரம் நுனியில் சிவக்கத் தொடங்குவதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். சில நாட்களில் என் குரலையே நான் கேட்டதில்லை.

அப்படி இருந்தபோதுதான் மாகாணத் தேர்தல் வந்தது. இரண்டு பெண்கள் வீடு வீடாகப் பெயர் பதிந்துகொண்டு வந்தார்கள். நாங்கள் இன்னும் இந்த நாட்டுப் பிரசைகள் இல்லையே என்றேன். பொதுநலவாய நாட்டிலிருந்து வந்து ஒரு வருடம் இருந்தால் போதும் என்றார்கள். அந்தக் காலத்தில் அப்படி ஒரு சட்டம் இருந்தது. என் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லி முடிக்க நல்ல நேரம் எடுத்தது. எனக்கு அது பிடித்திருந்தது. யாரோ என் பெயரை அவ்வளவு கவனமாகக் கேட்டு எவ்வளவு காலம்!

பிறகு வேட்பாளர்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் வந்தவர் நீல நிறக் கட்சிக்காரர். வக்கீல். நல்ல சிரிப்பு. கூட வந்த இரண்டு பேரும் அவர் சிரித்தபோதெல்லாம் சிரித்தார்கள். உங்கள் ஆதரவு எங்களுக்கு இருக்கிறதா என்று கேட்டார். நான் தலையை ஆட்டி, ஆம் என்றேன். இரண்டு நாள் கழித்துச் சிவப்பு நிறக் கட்சிக்காரர் வந்தார். கையில் ஒரு கட்டுத் துண்டுப் பிரசுரம். முகத்தில் நித்திரை இல்லாத களைப்பு. அவரும் அதையே கேட்டார். அவருக்கும் ஆம் என்றேன்.

இதில் என்ன பிழை என்று அப்போது எனக்குத் தெரியாது. எங்கள் பக்கத்தில் தேர்தல் நேரம் வாசலுக்கு வருகிற ஒருவரையும் இல்லையென்று சொல்லி அனுப்புவதில்லை. எல்லாருக்கும் ஒரு கதிரை, எல்லாருக்கும் ஒரு சோடா, எல்லாருக்கும் "ஓம், உங்களுக்குத்தான்." வந்தவருக்கும் அது சும்மா சொல்லுகிற சொல் என்று தெரியும், சொன்னவருக்கும் தெரியும். முகம் கோணாமல் அனுப்பிவிட்டால் சரி. ஆனால் இந்த ஊர்க்காரர் சொன்னதைச் சொன்னபடி நம்புகிறவர்கள். நான் ஆம் என்று சொன்ன அடுத்த நாள் ஒரு பெடியன் சுத்தியலோடு வந்து, ஒரு நீலப் பலகையைப் புல்லில் அடித்துவிட்டுப் போனான். பிறகு சிவப்பு வந்தது. தடுக்க எனக்கு வாய் வரவில்லை. ஆம் என்றுவிட்டேனே!

சிவப்பு நட்ட அன்றைக்கே மூன்றாவதாக வந்தவர் ஒரு கட்சியையும் சேராதவர், இளைப்பாறிய பள்ளிக்கூட ஆசிரியை. எனக்கு அவர் ரீச்சர்தான், அன்றைக்கும் இன்றைக்கும். மழைக்கோட்டும், விரல் நகத்தில் பச்சைப் பெயின்றுமாகத் தனியே நின்றார். தன் பலகைகளைத் தானே கீறுகிறாராம். அவர் ஆதரவு கேட்கவில்லை. "பகலில் நீ எங்கேயாவது போவதென்றால் எப்படிப் போவாய்?" என்று கேட்டார்.

"போவதில்லை," என்றேன்.

அதற்காகத்தான் தான் நிற்பதாகச் சொன்னார். இந்தத் தெருக்களுக்குள் பஸ் வரவேண்டும். வேறு ஒரு வாக்குறுதியும் தன்னிடம் இல்லை. நான் அவரை உள்ளே கூப்பிட்டேன். சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து, குசினி மேசையில் இருந்து தேத்தண்ணி குடித்தார். நான் போட்ட இஞ்சித் தேத்தண்ணியைக் குடித்த முதல் வெள்ளைக்காரர் அவர்தான். போகும்போது, "உங்களுக்கே வோட்டுப் போடுவேன்," என்று நானாகவே சொன்னேன். இந்தத் தடவை சும்மா சொல்லவில்லை. பஸ் படம் கீறிய அந்தப் பச்சைப் பலகையை இரண்டு பேரும் சேர்ந்துதான் நட்டோம். நான் பிடிக்க அவர் அடித்தார்.

அன்று பொழுதுபட வந்த இவர் காரை விட்டு இறங்காமலே கொஞ்ச நேரம் இருந்தார்.

"இதென்னப்பா இது? எங்கட வீட்டு முன்னால ஏன் மூண்டு பலகை?"

"வந்தவை, கேட்டவை. ஓமெண்டு சொன்னன்."

"மூண்டு பேருக்குமோ?"

"வாசலுக்கு வந்த மனுசர். ஒராளுக்குச் சொல்லிப்போட்டு மற்ற ஆளுக்கு எப்பிடி இல்லையெண்டு சொல்லுறது?"

இவர் தலையில் கையை வைத்துக்கொண்டு படியில் இருந்துவிட்டார். விசயம் என்னவென்றால், இவருடைய மனேஜர் அந்த நீலக் கட்சி வக்கீலின் கூட்டாளி. இவர் ஏற்கெனவே அந்தரங்கமாக மனேஜருக்குச் சொல்லியும் விட்டார்.

"எங்கட ரெண்டு வோட்டும் உங்கட ஆளுக்குத்தான் எண்டு சொல்லிப்போட்டன். அந்தாள் இந்த றோட்டாலதான் வீட்டை போறவர். மற்ற ரெண்டையும் புடுங்கும்."

"என்ர வோட்டை ஆரைக் கேட்டுக் குடுத்தனீங்கள்?"

"இதில என்ன கேக்கிறது? ஒரு வீடு, ஒரு கட்சி."

ஊரிலும் அப்படித்தான். அப்பா சொன்ன சின்னத்துக்குத்தான் நான் என் முதல் வோட்டைப் போட்டேன். அது எனக்கு ஒரு பெரிய விசயமாகவே படவில்லை. இப்போது ஏனோ பொசுக்கென்று கோபம் வந்தது. "புடுங்கிறதெண்டா மூண்டையும் புடுங்குங்கோ. இல்லாட்டி மூண்டும் நிக்கட்டும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். இவர் ஒன்றையும் பிடுங்கவில்லை. மனேஜர் அதைக் கண்டு, "உங்கள் வீட்டில் எத்தனை குடும்பம் இருக்கிறது?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுச் சிரித்தாராம். இரண்டு நாள் இவர் என்னோடு அளந்துதான் கதைத்தார்.

அந்த நாட்களில் என் தலைக்குள் ஓடியதெல்லாம் ஒரு சொல்தான். வாக்கு. தமிழில் வோட்டுக்கும் அதுதான் பெயர், கொடுத்த சொல்லுக்கும் அதுதான் பெயர். பெட்டிக்குள் போட்டாலும் வாக்களித்தாய், வாசலில் நின்று சொன்னாலும் வாக்களித்தாய். இங்கிலீசுக்காரர் இரண்டுக்கும் வெவ்வேறு சொல் வைத்துக்கொண்டு நிம்மதியாக நித்திரை கொள்ளுகிறார்கள். நானோ மூன்று பேருக்கு வாக்குக் கொடுத்தவள், கையில் இருப்பது ஒன்று. அந்த ஒன்றையும் இவர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். நிழல்கள் நிலத்தில் ஊர்ந்துகொண்டிருக்க, நான் சோபாவில் கிடந்து இதை யோசிப்பேன். யோசனை எங்கே முடிந்தது, நித்திரை எங்கே தொடங்கியது என்று தெரியாது. ஒரு முறை கனவில் எங்கள் தெருவுக்குள் பஸ் வந்தது. சாரதி ஆசனத்தில் ஆள் இல்லை. கதவு திறந்தது. ஏறப் போனபோது, உன் வோட்டு யாரிடம் இருக்கிறது என்று பஸ் கேட்டது. நான் கைப்பைக்குள் தேடித் தேடி விழித்துவிட்டேன்.

விழித்த கையோடு முகத்தைக் கழுவினேன். என்னுடையது என்னிடம்தான் இருக்கவேண்டும் என்று முடிவெடுத்தேன். மற்ற இரண்டு பேருக்கும் சொன்னது மரியாதை. ரீச்சருக்குச் சொன்னதுதான் வாக்கு.

தேர்தல் நாளன்று இவர் வேலையால் நேரத்துக்கு வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பள்ளிக்கூடத்து விளையாட்டு மண்டபத்தில் வாக்கெடுப்பை வைத்திருந்தார்கள். கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே மேசைகள். எல்லாரும் மெல்லக் கதைத்தார்கள், சப்பாத்துகள் மட்டும் மர நிலத்தில் கீச்சிட்டன. காரில் வரும்போது இவர், "நீலம் முதலாவது பேர்," என்று மட்டும் சொன்னார். நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மட்டைத் தடுப்புக்குப் பின்னால் நூலில் கட்டிய ஒரு பென்சில் கிடந்தது. மூன்று பெயர்களையும் வாசித்தேன். நீலக்காரரின் சிரிப்பும் சிவப்புக்காரரின் களைத்த முகமும் வந்து போயின. இரண்டு பேரிடமும் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். பிறகு ரீச்சரின் பெயருக்கு நேரே, தாள் கிழியாத அளவுக்கு அழுத்திப் புள்ளடி போட்டேன். என் நெஞ்சு அடித்த சத்தம் அந்த மண்டபத்துக்கே கேட்டிருக்கும். அவ்வளவு சந்தோசம். இவர் எனக்கு முன்னமே தடுப்புக்குப் பின்னால் போனவர், எனக்குப் பிறகுதான் வெளியே வந்தார்.

"நான் சொன்னபடிதானே?" என்று காரடியில் கேட்டார்.

"அது என்ர வோட்டு. சொல்லமாட்டன்."

அன்றிரவு வானொலியில் முடிவு சொன்னார்கள். நீலக்காரர் வென்றார். ரீச்சரின் பெயரை ஒரே மூச்சில் சொல்லிக் கடந்து போனார்கள். எனக்கு அழுகை வந்தது. ஒரு தேர்தல் முடிவுக்காக நான் அழுதது அதுதான் முதலும் கடைசியும். இவர் வானொலியை நிறுத்திவிட்டுப் படுக்கப் போனார். வென்ற ஆளின் பக்கம் நின்ற மனிதரின் முகம் அப்படி இருக்காதே என்று நினைத்தேன். பிறகு நானும் நித்திரையாகிவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை ரீச்சர் தன் பலகையை எடுக்க வந்தார். இவரும் வீட்டில் இருந்தார். உள்ளே கூப்பிட்டு, கேக் வெட்டி, தேத்தண்ணி கொடுத்தேன். தோற்றவருக்கு என்ன சொல்லுவதென்று எனக்குத் தெரியவில்லை. அவரோ உற்சாகமாகத்தான் இருந்தார். மாகாணம் வேண்டாம் என்றால் நகரசபைக்கு நிற்பேன் என்றார். ஒவ்வொரு பெட்டியிலும் தனக்கு எத்தனை விழுந்தது என்று அவருடைய ஆட்கள் நின்று பார்த்திருக்கிறார்கள்.

"உங்கள் பெட்டியில் எனக்கு இரண்டு வோட்டு," என்றார். "ஒன்று யாருடையது என்று எனக்குத் தெரியும். மற்றது யாருடையது என்று தெரிந்தால் அவருக்கும் நன்றி சொல்லலாம்."

இவர் எழும்பிப் போய், நிரம்பியிருந்த கேத்தலுக்கு மறுபடி தண்ணீர் பிடித்தார்.

ரீச்சர் பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கிப் போன பிறகு, நான் மேசையைத் துடைத்தேன். இவர் யன்னலடியில் நின்றார்.

"மற்றது நான்தான்," என்றார்.

நான் துணியை அப்படியே வைத்துவிட்டேன். "ஏன்?"

இவர் என் பக்கம் திரும்பவில்லை. "வெயில் காலம் தொடங்க முன்னம் ஒருநாள் மனேச்சர் தன்ர காரில என்னை ஒரு கட்டட வேலையிடம் பாக்கக் கூட்டிக்கொண்டு போனவர். நல்ல மழை. பெரிய றோட்டுக் கரையால ஒரு பொம்பிளை ரெண்டு பையைத் தூக்கிக்கொண்டு நடந்து போகுது. சீலையெல்லாம் சேறு. மனேச்சர் சொன்னார், பாவம், எந்த நாட்டுச் சனமோ எண்டு. அப்பதான் திரும்பிப் பாத்தன். அது நீர்தான்."

"காரை நிப்பாட்டச் சொல்லேல்லையோ?"

"இல்லை. நானும், ஓம் பாவம் எண்டு சொன்னனான்."

எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. மழையை விட, சேற்றை விட, அந்த 'ஓம் பாவம்' சுட்டது. ஆனால் இத்தனை நாளும் இதை ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்து, கடைசியில் ஒரு மட்டைத் தடுப்புக்குப் பின்னால், எவரும் பாராத இடத்தில், இந்த மனிதர் எனக்காகக் காரை நிறுத்தியிருக்கிறார். கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"அடுத்த முறை மனேச்சருக்குக் கேக்கிற மாதிரிச் சொல்லுங்கோ," என்றேன். "என்ர மனுசியெண்டு."

நான் கோப்பைகளைக் கழுவத் தொடங்கினேன். இவர் தலையைக் குனிந்துகொண்டு வந்து, பக்கத்தில் நின்று, ஒவ்வொன்றாக வாங்கித் துடைத்தார்.