மரகதத்தின் இலை மூடும்வரை

இந்தத் தை மாதம் தோ பாயோ கம்போங் கிராமத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்தேன். என் அக்கா மகள் மரகதத்தையும் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு வயது பதினைந்து. பிறந்ததிலிருந்தே கை கால் இறுகி முறுக்கிக்கொள்ளும், கழுத்து ஆடும், பேச்சு இழுத்து இழுத்து வரும். வலது கை விரல்கள் விரியாது. இடது கைதான் ஓரளவு சொன்னபடி கேட்கும். புத்தியில் ஒரு குறையும் இல்லை. வாய்க்கொழுப்பு என்னைவிட அதிகம். இப்படிப்பட்ட பிள்ளையை வெளியே கூட்டிப்போக நினைப்பவர்களுக்கு இது உதவும். உதவாவிட்டால் என்னோடு சேர்ந்து கோபமாவது படுங்கள்.

மணப்பெண் தனம் ஜாலான் புசாரில் எங்கள் மாடியில் வளர்ந்தவள். அவளும் மரகதமும் பல்லாங்குழி ஆடினால் வீடே அதிரும். அவளே நேரில் வந்து அழைத்தாள். "பந்தியில என் பக்கத்துல உனக்குத்தான்டி எலை. வரலேன்னா பாரு!" அன்றிலிருந்து மரகதத்துக்கு அந்த இலையைத் தவிர வேறு பேச்சில்லை. அக்காதான் தயங்கினாள். "நாலு பேரு பாப்பாங்களேடி" என்றாள். "பாக்கட்டுமே. பின்ன எதுக்குப் பட்டுப் பாவாடை?" என்றேன்.

மூன்று மைல் தூரம். ஜப்பான்காரன் வந்த பிறகு பெட்ரோல் என்ற வார்த்தையே மறந்துபோன ஊரில் மாட்டு வண்டிதான் ராஜா. முனியாண்டி அண்ணன் வண்டியில் வைக்கோல் பரப்பி, இருபக்கமும் சாக்கு மூட்டை முட்டுக் கொடுத்து அவளைச் சாய்த்து உட்கார வைத்தோம். கூலி ஒரு போத்தல் தேங்காய் எண்ணெய். வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டை அவர் தொடமாட்டார். இன்னொன்று, பத்து மணி முகூர்த்தம் என்றால் எந்தப் பத்து என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடிகாரம் தோக்கியோவைப் பார்த்து ஓடுகிறது. சூரியனுக்கு அப்போது எட்டரைதான்.

சிங்கப்பூர் என்ற ஊர்ப் பேரை ஷோனான் என்று மாற்றினார்களே தவிர ரோட்டுக் குழிகளை மாற்றவில்லை. ஒவ்வொரு குழிக்கும் மரகதம் சிரித்தாள், நான் திட்டினேன்.

ஃபேரர் பார்க் திடல் முனையில் ஜப்பான் சிப்பாய் நின்றான். அவனைக் கடக்கிறவர்கள் குனிந்து கும்பிட்டாக வேண்டும். "எறங்கணும்லா! வண்டியில ஒக்காந்து கும்பிட்டா அறைதான்" என்றார் முனியாண்டி அண்ணன். இருவரும் மரகதத்தைத் தூக்கி இறக்கி, கக்கத்தில் தாங்கி நிறுத்தினோம். அவள் காதில், "ஒனக்கென்னடி கவலை, ஒன் கழுத்து தானாவே கும்பிடுமே" என்றேன். பாவி, அங்கேயே சிரித்துவிட்டாள். அவன் மூவரையும் பார்த்துக் கத்தினான். முனியாண்டி அண்ணன் போதுமான அளவு குனியவில்லை என்று ஒரு அறை விட்டான். பிறகு போகச் சொல்லிக் கையை ஆட்டினான். அண்ணன் கன்னத்தைத் தடவிக்கொண்டே மாட்டை ஓட்டினார். அந்த அறையை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

அதைவிட எரிந்தது கல்யாண வீட்டில்.

பந்தலில் கால் வைத்ததும், "இது என்ன சாப்பிடும்?" என்று ஒரு அம்மாள் என்னைக் கேட்டாள். "அவளையே கேளுங்க, உங்களைச் சாப்பிட மாட்டா" என்றேன். தாலி கட்டி முடிந்து முதல் பந்திக்கு இலை போட்டதும், தனத்தின் பக்கத்து இலையில், பந்தல் காலில் சாய்த்து மரகதத்தை உட்கார வைத்தேன். தனம் மாலையும் கழுத்துமாகக் குனிந்து அவள் கன்னத்தைக் கிள்ளினாள்.

உடனே தனத்தின் பெரியப்பா வந்தார். கப்பல் கம்பெனியில் கிராணியாகக் கணக்கு எழுதியவர். கம்பெனி மூடியும் மிடுக்கு மூடவில்லை. "பிள்ளையைப் பின்னாடி அடுப்படிக்குக் கூட்டிப்போய் ஊட்டிடும்மா. பாவம், நமக்கும் எரக்கம் இருக்கு. ஆனா எடது கையால சாப்பிடுதாமே! சம்பந்தி வீட்டார் முன்னாடி நல்லாவா இருக்கும்? அரிசி கெடைக்கிற காலமா இது, எலையெல்லாம் சிந்தும்."

இதையெல்லாம் அவள் தலைக்கு மேலே, அவள் காது கேட்காதவள்போல் சொன்னார். மரகதத்தின் கழுத்து ஆட்டம் அதிகமாயிற்று. துப்பாக்கி வைத்திருந்தவன்கூட அவளை ஓர் ஆளாக மதித்துத்தான் கத்தினான்! சொந்த ஜனம் அவளைச் சாமானைப்போல் பின்கட்டுக்குத் தள்ளப் பார்த்தது.

"ஒனக்குப் போகணுமாடி?" என்று அவளையே கேட்டேன்.

"எ...லை இ...ங்கதான்" என்றாள்.

"கேட்டுக்கிட்டீங்களா?" என்று நானும் பக்கத்தில் சம்மணம் போட்டேன். அதற்குள் பரிமாற ஆரம்பித்துவிட்டார்கள். அவர் வேறு வழியில்லாமல் எதிர் வரிசையில் போய் உட்கார்ந்தார்.

மரவள்ளிக்கிழங்கு மசியல், கீரை, ஆளுக்கு ஒரே ஒரு கரண்டிச் சோறு, ரசம், பாயசம். சோற்றை நான் சின்னச் சின்ன உருண்டையாக உருட்டி வைத்தேன், அவள் ஒவ்வொன்றாக எடுத்து வாய்க்குக் கொண்டுபோனாள். சிந்தியது நாலு பருக்கை. எதிரே கிராணியார் மீசையில் அதைவிட அதிகம்.

அவர் சீக்கிரமே இலையை மூடிவிட்டு எழப்போனார்.

"பெரியப்பா, பந்தி முடியலையே! ஒரு எலை இன்னும் தொறந்திருக்கே. எடது கை சாஸ்திரம் தெரிஞ்சவங்களுக்கு இது தெரியாதா?" என்று பந்தல் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

அவர் சம்பந்தியம்மாளைப் பார்த்தார். அந்த அம்மாள் மூடிய இலைக்கு முன்னால் நகராமல் உட்கார்ந்திருந்தார். "ஒக்காருங்க சம்பந்தி. சாப்பிடுற பிள்ளையை விட்டுட்டு எந்திரிக்கலாமா?" என்றார். தனம் தலை குனிந்தபடி சிரித்தாள். கிராணியார் உட்கார்ந்தார். வரிசை முழுக்க உட்கார்ந்திருந்தது. மரகதம் ரசத்தை மறுபடி கேட்டு வாங்கினாள், பிறகு பாயசம், பிறகு இன்னும் கொஞ்சம் பாயசம்.

திரும்பும்போது வண்டியில் கேட்டேன். "வீட்டுல இதுல பாதி நேரத்துல சாப்பிடுவியேடி. இன்னிக்கு என்ன?"

வாயெல்லாம் சிரிப்பாக, நேரம் எடுத்துச் சொன்னாள். "பெ...ரியப்பாவுக்கு... கா...ல் மரத்துப் போச்சா?"

முனியாண்டி அண்ணன் அறை வாங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

போகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். வைக்கோல் நிறையப் போடுங்கள். சிப்பாய் நிற்கும் முனைக்கு முன்பே வண்டியை நிறுத்தி இறங்குங்கள். தாங்கிப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். மாற்றுப் பாவாடை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாண வீட்டில் யார் அன்பாகக் கூப்பிட்டாலும் அடுப்படிப் பக்கம் போகாதீர்கள். முதல் பந்தியில், எல்லோரும் பார்க்கிற இடத்தில் பிள்ளையை உட்கார வையுங்கள். அவசரப்படுத்தாதீர்கள். இலை மூடும்வரை மற்றவர்கள் இருக்கட்டும்.