ஓர்ஃபாவின் எல்டர்பெர்ரி வரிசை

பதினோரு வருஷமாக வெர்லினுக்கு ஒரே ஆற்றாமைதான். ஓர்ஃபா கெட்லரின் எல்டர்பெர்ரிச் செடி வரிசையை வெட்டியது அவன். பேர் வாங்கிக்கொண்டது அவள்.

ஓர்ஃபா பள்ளிக்கூடப் பஸ் ஓட்டியே நாலு பிள்ளைகளை ஆளாக்கியவள். மிசௌரியின் அந்தப் பள்ளத்தாக்கில் யாருக்கு இருமல் வந்தாலும் அவள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அந்தச் செடியின் சின்னக் கறுப்புப் பெர்ரியைக் காய்ச்சி வடித்து, தேன் கலந்து வைத்திருப்பாள். ஆகஸ்ட் கடைசி ஞாயிறு சர்ச் விருந்தில் காப்ளர் அவளுடையதுதான். பெர்ரியைச் சர்க்கரையோடு கொதிக்கவிட்டு, மேலே மாவைப் போர்த்தி, ஓவனில் சுடுவாள். முப்பது வருஷமாக அந்த இடத்தை அவள் விட்டதில்லை. எதிர்வீட்டு ஃபெர்ன் பிக்கெட் தன் பீச் பழக் காப்ளரோடு அந்த இடத்துக்காகக் காத்திருந்தாள்.

வெர்லின் சாலையோரப் புதர் வெட்டும் டிராக்டர் ஓட்டுகிறவன். மார்ச் மாதத்தில் இலையில்லாதபோது எல்லாம் வெறும் குச்சிதானே. ஓர்ஃபாவின் வேலியோர வரிசையையும் சேர்த்துத் தரைமட்டமாக்கிவிட்டான். பன்னிரண்டடி உயரச் செடிகள். பறிப்பதற்கு அவள் பஸ் கூரைமேல் ஏறுவாள்.

ஓர்ஃபா ஓடிவந்து டிராக்டரை மறித்தாள்.

"டேய், உங்கம்மா உன்னை வளர்த்ததைவிட ஒழுங்கா வளர்த்த செடிடா இது."

அந்த வாரமே ஃபெர்ன் பீச் பழத்துக்குச் சொல்லி வைத்துவிட்டாள். சர்ச்சில் வெர்லின் பக்கத்து இருக்கை காலியாகவே கிடந்தது.

ஏப்ரலில் அடிக்கட்டையிலிருந்து தளிர்கள் கிளம்பின. ஒன்றிரண்டல்ல, கூட்டம் கூட்டமாக. ஜூன் முடிவதற்குள் தோள் உயரம். ஒவ்வொரு நுனியிலும் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வெள்ளைப்பூ. வெர்லின் தினமும் அங்கே நின்று, டிராக்டரில் ஆயில் அளவு பார்ப்பதுபோல் செடியைப் பார்த்தான்.

ஆனால் பூ பிந்திவிட்டது. ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் காய் பச்சை. பச்சையில் சமைத்தால் ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காரும். கடைசி வாரம் சிவந்தது. வெள்ளிக்கிழமை பாதி கறுத்தது. சனிக்கிழமை விடிந்ததும் வெர்லினின் போன் அடித்தது. ஓர்ஃபாதான்.

"பக்கெட் எடுத்துட்டு ஓடி வா. குருவிங்க எனக்கு முன்னாடியே பந்தியில உட்கார்ந்திருச்சு."

வரிசை முழுக்க ஒருசேரக் கறுத்திருந்தது. பழைய செடி அப்படிப் பழுத்ததே கிடையாது. இன்றைக்கு ஒரு கொத்து, அடுத்த வாரம் ஒரு கொத்து என்று இழுக்கும். இப்போது தரையில் நின்றபடியே வெட்டிப் போட்டார்கள். ஓர்ஃபா ஓடினாள், அறுபத்திரண்டு வயதில் நிஜமாகவே ஓடினாள். வழக்கமாக இரண்டு பக்கெட்; அன்றைக்கு ஏழு. கொத்தோடு ஃப்ரீஸரில் உறையவைத்து, மதியம் எடுத்து உலுக்கினால் பெர்ரி ஈயக் குண்டுபோல் சடசடவென்று கொட்டியது. காம்பு ஒன்றுகூட உள்ளே போகக்கூடாது, அதுவும் வயிற்றைப் புரட்டும். பொறுக்கிப் பொறுக்கி இருவருக்கும் முழங்கைவரை ஊதா.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது தட்டு காப்ளர் காலி. ஃபெர்னின் பீச் பாதி மிஞ்சியது. இவ்வளவு பழம் எப்படி என்று எல்லோரும் கேட்டார்கள்.

"நான்தான் வெட்டச் சொன்னேன்," என்றாள் ஓர்ஃபா. "தரையோட வெட்டினா புதுத்தண்டு காய்க்கும். இது தெரியாதா உங்களுக்கு?"

வெர்லினின் கரண்டி பாதி வழியில் நின்றது. அவன் தட்டில் ஓர்ஃபா இன்னொரு கரண்டி காப்ளர் வைத்தாள்.

"வாயை மூடிட்டுச் சாப்பிடு."

அதற்குப் பிறகு ஒவ்வொரு மார்ச்சிலும் அவனைக் கூப்பிட்டு வெட்டச் சொல்லுவாள். ஒவ்வொரு தடவையும் குறை சொல்லுவாள். ஒரு நாளும் உண்மையைச் சொன்னதில்லை.

போன குளிர்காலத்தில் அவள் இதயம் ஓய்ந்துகொண்டு வந்தது. விறகு போடப் போன வெர்லினைக் கட்டிலருகே கூப்பிட்டாள். ஃபெர்ன் அப்போதுதான் சூப் ஊட்டிவிட்டு எதிர்வீட்டுக்குப் போயிருந்தாள். வீட்டை மகன் விற்கப்போகிறான், வாங்குகிறவன் வேலியோரச் செடியை வைப்பானோ பிடுங்குவானோ என்றாள். இனிமேல் விருந்துக்கு எல்டர்பெர்ரி காப்ளர் செய்யும்படி ஃபெர்னிடம் சொல்லிவிட்டாளாம். ஃபெர்னிடமும் ஒரு எல்டர்பெர்ரி வரிசை இருக்கிறது. கூரை உயரம், பாதி செத்த கட்டை, கத்தியைக் கிட்டேயே விடமாட்டாள்.

"மார்ச்சுல அதை வெட்டிடு," என்றாள்.

"அவங்க என்னைக் கொன்னுடுவாங்க, ஓர்ஃபாம்மா."

"ஆகஸ்ட் வரைக்கும்தான். கேட்டுட்டு நிக்காதே, வெட்டிடு."