வெள்ளைக் கோடு வரை தூக்கு

ஏரிக்கரை மேலேறி சுங்குவார்சத்திரம் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். பேன்ட்டில் ஒட்டியிருந்த களிமண் வெயிலில் காய்ந்து, நடக்க நடக்க உதிர்ந்தது. தோளில் பை, அதில் ஒரு லுங்கி, ஒரு சட்டை, சோப்பு டப்பா. பின்னால், வல்லத்து வயல்களுக்கு நடுவில், போரிங் போடும் முக்காலிக் கம்பம் நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை. 1991-ல் நான் விட்டு நடந்த முதல் வேலை அல்ல அது.

யாரும் என்னை அடித்து விரட்டவில்லை. “இனிமே என் கயித்துல கை வைக்காத” என்றார் மாசிலாமணி மேஸ்திரி. நான் பையை எடுத்துக்கொண்டேன். அவ்வளவுதான்.

பரமக்குடிப் பக்கம் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். லாரியில் கிளீனர், ஓட்டலில் தோசை மாஸ்டருக்குக் கையாள், கல்குவாரி என்று சுற்றி, கடைசியில் இந்த போரிங் கேங்கில் சேர்ந்திருந்தேன். வயல் வாங்கித் தொழிற்சாலை கட்ட வந்த ஒரு கம்பெனி, அங்கே பழுத்த இரும்பை அழுத்தி உருவாக்கும் பெரிய ஃபோர்ஜிங் பிரஸ் நிறுத்த இருந்தது. அந்த எடையை மண் தாங்குமா என்று சொல்ல மெட்ராஸ் கன்சல்டன்சி ஒன்றை அமர்த்தியிருந்தார்கள். கன்சல்டன்சி சார்பில் சைட்டுக்கு வருபவர் ரெஜினா மேடம், சிவில் இன்ஜினியர். ஓட்டை போடுவது மட்டும் மாசிலாமணியின் கான்ட்ராக்ட்.

இன்று மெஷினில் இந்த வேலை பார்க்கும் தம்பிகளுக்கு அன்றைய முறையைச் சொல்ல வேண்டும். ஓட்டைக்குள் ஓர் இரும்புக் குழாயை இறக்குவோம். அதன் தலையில் ஹேமர் என்ற கனமான இரும்புக் குண்டை விட்டு அடிப்போம். குழாய் ஒரு குறிப்பிட்ட அளவு இறங்க எத்தனை அடி ஆகிறது என்பதுதான் மண்ணின் பலம். ஹேமரைக் கப்பிக் கயிற்றில் நான்கு பேர் இழுத்து, அது ஏறி இறங்கும் கம்பியில் போட்ட வெள்ளைக் கோடு வரை தூக்கி, கயிற்றை முழுசாக விட்டுவிட வேண்டும். ஐம்பது முறை அடித்தும் குழாய் இறங்காவிட்டால் கீழே கெட்டி மண் என்று எழுதி அந்த ஓட்டையை முடித்துவிடலாம்.

எங்கள் தப்பு அங்கேதான் பிறந்தது. கை காய்த்த கேங்க், மத்தியான வெயிலில் கோடு வரை தூக்காது. ஒரு சாண் தூக்கி, கயிற்றையும் பாதி பிடித்தபடி, தட்டுத் தட்டென்று தட்டும். அடி எண்ணிக்கை வேகமாக ஏறும், குழாய் அசையாது. மேஸ்திரியும் கண்டுகொள்ளமாட்டார். “அம்பது ஆச்சா? தூக்கு தூக்கு, அடுத்த ஓட்டை” என்பார். பக்கத்தில் இழுக்கும் ஏழுமலை, “மண்ணுக்கு வலிக்கப் போவுதுடா, மெல்ல தட்டு” என்று சிரிப்பான்.

அன்று ரெஜினா மேடம் நான்காவது ஓட்டைக்கு வந்தார். கூடவே கம்பெனியின் புராஜெக்ட் மேனேஜர் வரதன். குழாயைப் பிரித்து உள்ளே வந்த மண்ணை மேடம் கையில் எடுத்தார். கட்டைவிரலால் அழுத்தினார். விரல் உள்ளே போனது.

“மேஸ்திரி, இதுக்கா அம்பது?”

“கீழ கல்லு கீது மேடம். இந்தப் பக்கம் அப்பிடித்தான்.”

வரதன் கடிகாரத்தைப் பார்த்தார். “மத்த மூணு ஓட்டையும் நல்லாத்தானம்மா வந்திருக்கு? டிசைன் ஆபீஸ் டெய்லி போன் பண்றான். நீங்க ரிப்போர்ட் குடுத்தா ஃபவுண்டேஷன் டிராயிங் போயிடும்.”

“பிரஸ் சாஞ்சா என் கையெழுத்தைத்தான் சார் தேடுவாங்க.” சொல்லிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். “யார் யார் இழுத்தீங்க? கோடு வரைக்கும் தூக்கினீங்களா?”

ஒவ்வொருவராகக் கேட்டார். ஏழுமலை, “ஆமா மேடம்” என்றான். அடுத்த இருவரும் தலையாட்டினார்கள். என் முறை வந்தது.

“இல்லங்க மேடம். ஒரு சாண்தான் தூக்குனோம்.”

இதில் வீரம் ஒன்றும் இல்லை. அவர்கள் மூவருக்கும் வீடு அங்கேயே, வல்லத்தில். பிள்ளைகள் இருந்தார்கள், மேஸ்திரியை விட்டால் அந்தப் பக்கம் அப்போது வேறு வேலை கொடுப்பவர் இல்லை. எனக்கு ஒரு பைதான். உண்மை பேச எனக்கு ஆகும் செலவு அவர்களுக்கு ஆவதைவிடக் குறைவு. அதனால் அவர்களைப் பொய்யர்கள் என்று நான் நினைத்ததில்லை. வேலையிடத்தில் ஒருவன் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். அவனைத் திட்டுவது அப்புறம்.

மேடம் அந்த ஓட்டையை ரத்து செய்து, மறுநாள் பக்கத்தில் புதிதாகப் போடச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். ஜீப் போனதும்தான் மேஸ்திரி கயிற்றைப் பற்றிச் சொன்னது, நான் நடந்தது எல்லாம்.

பஸ் ஸ்டாப்பில் படுத்துக்கொண்டேன். காலையில் பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு டீ குடிக்கும்போது, சைக்கிளை நிறுத்திவிட்டு மாசிலாமணியே வந்து நின்றார்.

“இன்னா, ஊருக்குக் கெளம்பிட்டியா?”

“ஊரெல்லாம் இல்லண்ணே. ஓசூர் பக்கம் போலாம்னு.”

“அந்தம்மா வந்து உக்காந்துகினு கீது. நேத்து பேசினவன் எங்கன்னு கேக்குது. நீ வந்தாதான் ஓட்டையே தொடங்குமாம்.” மூஞ்சியைத் துடைத்துக்கொண்டார். “ஏறு. டீக்கு நான் குடுத்துடறேன்.”

கேரியரில் உட்கார்ந்து போனேன். மேட்டில் அவர் மூச்சு வாங்கினார். இறங்குகிறேன் என்றேன், வேண்டாம் என்றார்.

சைட்டில் மேடம் சுருக்கமாகப் பேசினார். “உனக்குக் கயிறு வேணாம். கம்பிகிட்ட நில்லு. ஹேமர் கோட்டைத் தொட்டா ‘ஆச்சு’ன்னு சொல்லு. நீ சொல்ற அடி மட்டும்தான் கணக்கு. இன்னைலேர்ந்து எங்க ஆளு நீ, சரியா?”

“சரிங்க மேடம்.”

என் இடத்தில் கயிறு இழுக்க ஆள் இல்லை. மேஸ்திரி சட்டையைக் கழற்றிவிட்டுத் தானே பிடித்தார். நால்வரும் இழுத்தார்கள். ஹேமர் கோட்டுக்கு நாலு விரல் கீழே நின்று, விழுந்தது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“இல்ல” என்றேன்.

“அடங்கப்பா, ஆபீசரு வந்துட்டாரு” என்றான் ஏழுமலை.

மறுபடி இழுத்தார்கள். தொட்டது. “ஆச்சு.”

மத்தியானத்துக்குள், முதல் நாள் ஐம்பது வந்த அதே ஆழத்துக்கு வந்துவிட்டோம். இந்த முறை ஒன்பது தடவை அடித்ததிலேயே குழாய் இறங்கிவிட்டது. வரதனைக் கூப்பிட்டு மேடம் மண்ணைக் காட்டினார். அவரும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

“அப்ப ஆழத்துக்குத் தூண் எறக்கி பைல் போடணுமா?”

“போடணும் சார்.”

“அப்ப மத்த மூணு ஓட்டை?”

“அதுவும் திரும்பத்தான் சார்.”

மேஸ்திரி கயிற்றைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். உள்ளங்கை சிவந்திருந்தது. “நல்லா வாயைத் தொறந்தடா. இன்னும் மூணு ஓட்டை. யாரு இழுக்கறது?”

“நீங்க இழுங்கண்ணே. நான் நல்லா சத்தமா சொல்றேன்.”

ஏழுமலைதான் முதலில் சிரித்தான். சாப்பிட்டு எழுந்து, நிஜமான ஐம்பது வரும்வரை அந்த ஓட்டையை இறக்கி முடித்து, முக்காலியைக் கழற்றினோம். முதல் ஓட்டை இருந்த இடத்துக்கு ஐந்து பேரும் தூக்கிப் போனோம்.