அரிசி டிரம்முக்குள் மியூவான் பெட்டி

தாராவியில் யாரைப் பார்த்தாலும் முதலில் சொந்த ஊர் எது என்றுதான் கேட்பார்கள். என் ஆராய்ச்சியும் அதே கேள்விதான். பேராற்றலோடு விண்ணிலிருந்து வரும் துகள்களுக்குச் சொந்த ஊர் எது? யாருக்கும் உறுதியாகத் தெரியாது. வழியிலுள்ள காந்தப்புலங்கள் வளைத்துவிடுவதால், வந்த திசையை வைத்து ஊரைச் சொல்ல முடியாது. அவை காற்றில் மோதிச் சிதறும்போது பிறக்கும் மியூவான் என்ற நுண்துகள்கள் மட்டும் நம் தலைமேல் ஓயாமல் விழுந்துகொண்டிருக்கும்.

கோவண்டிப் பள்ளிக்கூடம் ஒன்றில் காட்டுவதற்காக, மியூவான் கடந்தால் 'டிக்' என்று ஒலிக்கும் சின்னப் பெட்டி ஒன்றைச் செய்திருந்தேன். பள்ளிக்கூடத்துக்குப் போவதற்கு முந்தின நாள் அதோடு தாராவியிலிருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்காவுக்கு அப்போது ஐந்தாம் மாதம். முந்தைய பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. அந்தச் சமயம் ஒரு கிரகணத்தில் அவள் குழாயடியில் நின்று தண்ணீர் பிடித்ததுதான் காரணம் என்று அவள் மாமியார் முடிவு கட்டியிருந்தார். அதை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும்.

இந்தத் துகள் நம் உடம்புக்குள்ளும் புகுந்து போகும் என்று நான் பெருமையாகச் சொன்னதும், அக்காவின் கை வயிற்றுக்குப் போனது. இது எப்போதும் நடப்பதுதான், பயப்பட ஒன்றுமில்லை என்றேன். அவள் நம்பவில்லை. தகரக்கூரைக்கு அடியில்தான் இப்படி இருக்கும் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கினாள். கீழேயும் டிக். கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். டிக். அரிசி டிரம்முக்குள் வைத்து மூடிவிட்டுக் காதை வைத்துக் கேட்டாள். உள்ளேயும் டிக். எனக்கும் உற்சாகம் வந்துவிட்டது. குக்கருக்குள் வைத்துப் பார்க்கலாமா என்றேன். முறைத்தாள்.

பிறகு குடத்தை என் கையில் கொடுத்துவிட்டு, பெட்டியோடு நேராகக் குழாயடிக்குப் போனாள். நல்லவேளை, வரிசையில் யாரும் இல்லை. தான் அன்று நின்ற அதே இடத்தில் நின்று வெகுநேரம் கேட்டாள்.

"இங்கயும் அதே மாதிரிதான் அடிக்கு. கிரகணத்தன்னைக்குக் கூடுமா, ஏட்டி?"

"இல்லக்கா. கிரகணத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. எல்லார் மேலயும் எப்பவும் விழும்."

"அப்பம் எம்பிள்ள ஏன் போச்சு?"

தெரியாது என்று சொல்வது என் தொழிலில் அன்றாட வேலை. அன்று குடத்தைக் குழாய்க்கு அடியில் வைத்துத் திறந்துவிட்டுத்தான் அதைச் சொல்ல முடிந்தது. எனக்குத் தெரியாது, டாக்டருக்கும் தெரியவில்லை என்றேன்.

அக்கா அழுவாள் என்று நினைத்தேன். அவளோ பெருமூச்சு விட்டாள்.

"நீயாவது தெரியாதுன்னு சொல்லுத. அத்தை தெரியும்னுல்லா சொல்லுதாவ."

குடம் நிறைந்ததும் நான் தூக்கிக்கொண்டேன். அக்கா பெட்டியை வயிற்றோடு அணைத்துப் பிடித்தபடி முன்னால் நடந்தாள்.