எந்த வாஷிங்டன் டவுன்ஷிப்?

இன்று சூரிச் ட்ராமில் எதிரே இருந்தவர், "அண்ணை யாழ்ப்பாணத்திலை எவ்விடம்?" என்றார்.

"கோயிலடி."

"எந்தக் கோயிலடி? ஊருக்கு ஊர் ஒண்டு இருக்கெல்லோ" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எண்பதுகளில் இங்கே அகதி விசாரணைகளில் நான் மொழிபெயர்ப்பாளன். ஒருவர் தன் அண்ணன் அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தில், வாஷிங்டன் டவுன்ஷிப் என்ற சிற்றூரில் இருப்பதாகச் சொன்னார். அதிகாரி வரைபடத்தை விரித்தார். முதல் ஜனாதிபதியின் பெயரில் அந்த ஒரு மாநிலத்திலேயே ஏகப்பட்ட டவுன்ஷிப்புகள்.

"இதில் எது?"

"தெரியாது ஐயா. அண்ணை அப்பிடித்தான் எழுதுறவர்."

அதிகாரி 'பொய்' என்று எழுதினார்.

எங்கள் கோயிலடிகளைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மொழிபெயர்ப்பது மட்டும்தான் என் வேலை என்று பேசாமல் இருந்தேன். அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இதை வாசிக்கும் நீங்கள் எந்தக் கோயிலடி? சரியாகச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பொய் என்று எழுதிவிடுவேன்.