‘நான் எழுதியது தவறு’ என்று எழுதியவர்

வியாழக்கிழமை காலை ஷிஃப்டில் டீ இடைவேளைக்கு வெளியே வந்து லாக்கரைத் திறந்தபோது, கைப்பேசியில் தம்பி முரளியின் ஒன்பது தவறிய அழைப்புகள் இருந்தன. திரும்ப அழைத்தேன்.

“அக்கா, பிரியா அக்கா போயிட்டாங்க.”

“எங்க, ஆஸ்பத்திரியிலேர்ந்து ஊருக்கா?” என்று கேட்டேன்.

அவன் அழுதான். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

சண்முகப்பிரியாவுக்கு வயது முப்பத்து நான்கு. சிவகங்கைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, டிப்ளமோ முடித்த கையோடு ஓசூருக்கு வந்தவர். வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தார். பக்கத்து லைனில் நான். எனக்குச் சொந்த ஊர் பேரிகை. எங்கள் வீட்டில் அடுத்தவர் நிலத்துக்குக் கூலிக்குப் போகாமல் தொழிற்சாலைக்குப் போன முதல் ஆள் நான்தான். இருவருக்கும் ஒரே வயது. மத்திகிரியில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து ஆறு வருடம் ஒன்றாக இருந்தோம். நேரில் ‘வாடி, போடி’ என்றுதான் பேசிக்கொள்வோம். இன்று ‘அவர்’ என்று எழுதக் கை கூசுகிறது. உயிரோடு இருந்தபோது கொடுத்திருக்க வேண்டிய மரியாதை அது.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். ‘ஷிஃப்ட் முடிந்து’ என்ற வலைப்பதிவை எழுதியவர் அவர்தான். புதிதாகச் சேர்ந்த ஒப்பந்தத் தொழிலாளி ஒருவன், சம்பளத்தில் பி.எஃப். என்று பிடித்திருக்கிறார்களே, அது என்ன என்று லைனில் கேட்டான். சூப்பர்வைசர் சிரித்தார். அன்று அறைக்கு வந்ததும் பிரியா அதை விளக்கி, சோறு ஆறுவதுகூடத் தெரியாமல் கைப்பேசியில் தட்டிக்கொண்டிருந்தார். அதுதான் முதல் பதிவு. பிறகு வேலை நியமனக் கடிதத்தை எப்படிப் படிப்பது, எந்தப் பயிற்சிச் சான்றிதழுக்கு மதிப்பு உண்டு, முதல் சம்பளத்திலேயே தவணையில் பைக் எடுக்கலாமா என்று ஒவ்வொன்றாக எழுதினார். தளியிலிருந்தும் ஊத்தங்கரையிலிருந்தும் பிள்ளைகள் கேள்வி அனுப்பினார்கள். ஒருவரையும் பதில் இல்லாமல் விட்டதில்லை.

தானும் வலைப்பதிவு தொடங்கிச் சம்பாதிக்க முடியுமா என்று சூளகிரிப் பெண் ஒருத்தி கேட்டிருந்தாள். அவளுக்கு இப்படி எழுதினார்: “தொடங்குங்கள். ஆனால் வேலையை விட்டுவிட்டுத் தொடங்காதீர்கள். உங்களுக்கு நேரில் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். படிக்கிறவர் உங்கள் பேச்சைக் கேட்டு அடுத்த நாளே ஒரு முடிவெடுப்பார்.”

முரளி ஐ.டி.ஐ. முடித்துவிட்டு எங்களோடு வந்து தங்கி, ஒரு வருடமாகச் சும்மா இருந்தான். அவனுக்கு ஒரு வழி சொல்லச் சொல்லி நான்தான் பிரியாவைத் தினமும் நச்சரித்தேன். பாகலூர் சாலைப் பக்கம் புதிதாக ஒரு பயிற்சி மையம் திறந்திருக்கிறார்களாம், ஆறு மாதத்தில் நிரந்தர வேலை வாங்கிக் கொடுக்கிறார்களாம் என்று அவரிடம் சொன்னதும் நான்தான்.

“இரு, நானே அங்கிட்டுப் போய்ப் பாத்துட்டு வாரேன். பாக்காம எதையும் சொல்ல மாட்டேன்” என்றார்.

போய்ப் பார்த்தார். இயந்திரங்கள் இருந்தன, ஓடின. நல்ல இடம் என்று நம்பிப் பதிவும் எழுதினார். முரளியோடு சேர்த்துப் பதினொரு பேர் அதைப் படித்துவிட்டுச் சேர்ந்தார்கள். எல்லோரும் கட்டணம் கட்டினார்கள்; அசல் சான்றிதழ்களையும் கொடுத்தார்கள். நான்காம் மாதம் மையம் பூட்டிக் கிடந்தது.

பதிவை அழித்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. அதன் தலையிலேயே, “நான் எழுதியது தவறு. என்னை நம்பிச் சேர்ந்தவர்கள் என்னைக் கூப்பிடுங்கள்” என்று எழுதி, தன் கைப்பேசி எண்ணையும் போட்டார்.

கூப்பிட்டார்கள். தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் திட்டினார்கள். ஒரு தகப்பன், “நீ நல்லா இருப்பியாம்மா?” என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அன்று பிரியா சாப்பிடவில்லை.

நானும் கேட்டேன். அதை எழுதாமல் இந்த அஞ்சலியை முடித்தால் அது பொய். “உன்ன நம்பித்தானே என் தம்பிய அனுப்புனேன்? அந்த சென்டர் ஆளுகிட்ட எவ்ளோ கமிஷன் வாங்குன?”

பிரியா, “அந்த ஆளுகிட்ட நான் ஒரு டீகூட வாங்கிக் குடிக்கலடி” என்றார்.

அந்த வாரமே பக்கத்துத் தெருவில் வேறு வீடு பார்த்து, முரளியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டேன்.

அதற்குப் பிறகு நடந்தவை முரளி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் கூட்டிக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனார். திங்கட்கிழமைகளில் கிருஷ்ணகிரிக்குப் பஸ் ஏறி, கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தார். மையத்தை நடத்தியவரின் மைத்துனரைத் தேடிப் பிடித்து, அவர் வீட்டு வாசலில் மூன்று நாள் போய் உட்கார்ந்தார். ஏழு பேருடைய சான்றிதழ்கள் திரும்பின. விடுப்பு எல்லை மீறியதால் பிரியாவின் வேலை போனது.

முரளியின் சான்றிதழை அவரே கொண்டுவந்தார். வாசலில் அவர் குரல் கேட்டது.

“மஞ்சு இருக்காளா?”

நான் உள்ளேயிருந்து முரளியிடம் வேண்டாமென்று கையை ஆட்டினேன். முரளி, “குளிக்கிறாங்க அக்கா” என்றான்.

“சரி, பத்திரமா வச்சுக்க. லேமினேஷன் போட்டுறாத.” செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது. நான் போய்க் கூப்பிடவில்லை. நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நான்கு மாதம் ஓடிவிட்டது.

போன வாரம் அவருக்குக் காய்ச்சல். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, திங்கட்கிழமை மறுபடியும் கிருஷ்ணகிரிக்குப் போயிருக்கிறார். மீதி நான்கு பேருக்காக. திரும்பும்போது பஸ்ஸிலேயே மயங்கிவிட்டார். டெங்கு என்றார்கள், ரத்தத்தில் தட்டணுக்கள் மிகவும் குறைந்துவிட்டன என்றார்கள். முரளி ஆஸ்பத்திரியிலேயே இருந்தான். “இன்னிக்காச்சும் வாக்கா” என்று புதன்கிழமை கூப்பிட்டான். ஷிஃப்ட் இருக்கிறது என்றேன்.

வியாழன் மாலை உடலை ஊருக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் வந்தது. திட்டியவர்களில் பலர் வந்திருந்தார்கள். பிரியாவின் அம்மா வண்டியில் ஏறுவதற்கு முன்னால் எங்களைப் பார்த்துக் கேட்டார்: “உங்கள்ல யாருப்பா இன்னும் பேப்பர் கைக்கு வராதவங்க? அதத்தான் அவ சொல்லிக்கிட்டே கெடந்தா.” இரண்டு பேர் தலை குனிந்தார்கள். மற்ற இருவர் வரவில்லை. நான் அந்த அம்மாவின் கையைப் பிடித்தேன். என்னை நேரில் பார்த்திராததால், நான் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. நானும் என் பெயரைச் சொல்லவில்லை.

அவருடைய வலைப்பதிவின் கடவுச்சொல் முரளிக்குத் தெரியும். நேற்று இருவரும் திறந்து பார்த்தோம். வெளியிடாத பதிவு ஒன்று இருந்தது. ‘வேலை போன முதல் மாதம்: என்ன செய்வது?’ என்று தலைப்பு. கீழே ஒரு வரிகூட இல்லை.

“நீயாச்சும் எழுதுக்கா” என்றான் முரளி.

ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வேலை இல்லாமல், துணை இல்லாமல், அந்த மாதம் முழுவதும் அவர் என்ன செய்தார், என்ன சாப்பிட்டார் என்று எனக்குத் தெரியாது. கடைசியில் இப்படி எழுதி வெளியிட்டேன்: “இதை எழுத வேண்டியவர் இறந்துவிட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.”

இன்று காலை வரை யாரும் எதுவும் எழுதவில்லை.

போய் வா, பிரியா.